என் எதிர்த்தரப்பு வக்கீல் எம்.எல்.ஏ. ஆனாப்ல

அந்தச் சுவத்துல பாத்தீங்களா தம்பி? கைகூப்பிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாப்லயே, வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய விபூதி. அந்த ஆளுதான் சோணைமுத்து. எங்க ஊரு முன்னாள் எம்.எல்.ஏ. தேர்தல் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் எவனும் அந்த போஸ்டரைக் கிழிக்கல. கீழ இருந்த கட்சிப் பேரை மாடு தின்னுருச்சு, ஆளு மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்காப்ல. அந்தச் சிரிப்பை நம்பாதீங்க. முப்பது வருஷம் அதுக்கு எதிர்ல நின்னவன் சொல்றேன்.

நல்லா சாஞ்சு உக்காருங்க. பையை மேல போடுங்க, மதுரை போறவரைக்கும் மடியில வச்சிருந்தா காலு மரத்துப்போகும். நீங்க எங்க ஊருக்குப் புதுசுல்ல? தெரியுது. மருதங்குறிச்சிக்காரனா இருந்தா என் பக்கத்துல வந்து உக்காந்திருக்க மாட்டான். கதை ஆரம்பிச்சிருவேன்னு பயம்.

நான் நாகசுந்தரம். வக்கீல். எங்க ஊரு முன்சீப் கோர்ட்டுல எட்டுப் பத்து வக்கீல் இருக்கோம். ஆனா ஊர்க்காரங்களுக்கு வக்கீல்னா ரெண்டே பேருதான். நான் ஒண்ணு, அந்த ஆளு ஒண்ணு. ரெண்டு பேரு ஆபீசும் கோர்ட்டுத் தெருவுல எதிரும் புதிருமா இருக்கு. அண்ணன் தம்பிக்குள்ள வரப்புத் தகராறுன்னு வைங்க, அண்ணன் ஓடி வந்து என் படியில ஏறினா, தம்பி கேக்காமலே அந்தப் படியில ஏறிருவான். தெருவுல எவனாவது காலையில ஓடுறதைப் பாத்தாலே ஊர்ல சொல்லுவாங்க, இன்னொருத்தனும் இந்நேரம் ஓடி வந்துக்கிட்டு இருப்பான்னு. அப்படித்தான் முப்பது வருஷம் போச்சு.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அதை முதல்லயே சொல்லிர்றேன், பிற்பாடு நீங்க தப்பா நினைச்சிரக் கூடாது.

எங்க அப்பா வக்கீல், எனக்குச் சட்டம் ரத்தத்துலயே இருக்கு. அவங்க அப்பா கோர்ட்டுல டவாலி. வாசல்ல நின்னு வாதி பேரு, பிரதிவாதி பேரைக் கூவிக் கூப்பிடுற வேலை. அந்தக் குரல் மட்டும்தான் மகனுக்கு வந்த சொத்து. எந்திரிச்சு இடது கையால கவுனை ஒரு இழு இழுத்துவிட்டு, "கனம் கோர்ட்டாரவர்களே"ன்னு ஆரம்பிச்சா, வெளிய வேப்ப மரத்தடியில தூங்குறவன்கூட எந்திரிச்சு உக்காந்திருவான். சட்டம் சுமாராத்தான் தெரியும். ஆனா பேசுற பேச்சுல நமக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துரும், நம்ம கட்சிக்காரன்தான் நிலத்தைத் திருடிட்டானோன்னு.

கத்திரிக்கா அவருக்கு ஆகாது தம்பி. சாப்பிட்டா உடம்பெல்லாம் அரிக்கும். அன்னைக்கு வாதத்துல சுருதி சேராது. அதனால எங்களுக்குள்ள பெரிய கேசு இருக்கிற அன்னைக்கு, அவங்க வீட்டம்மாவுக்கு காலையிலயே சொல்லி அனுப்பிருவேன், கத்திரிக்கா வைக்காதீங்கம்மான்னு. எதிரி திடமா இருக்கணும்ல? அரிப்பெடுத்தவனை ஜெயிச்சு என்ன பெருமை?

அந்த மாதிரி இருந்த கோர்ட்டுலதான் இடி விழுந்துச்சு. அவரு கட்சியில மறியல் பண்ணி உள்ள போறவங்களுக்கெல்லாம் ஜாமீன் எடுத்துக் குடுக்கிறது அந்த ஆளுதான். ஆறு வருஷத்துக்கு முந்தின தேர்தல்ல எங்க தொகுதிக்கு ஒன்றியச் செயலாளரும் நகரச் செயலாளரும் சீட்டுக்கு முட்டிக்கிட்டாங்க. யாருக்குக் குடுத்தாலும் மத்தவன் கவுத்திருவான். தலைமை பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் ஜாமீன் எடுத்த வக்கீல் ஒருத்தர் இருக்காரே, அவரையே நிறுத்துன்னு சொல்லிட்டாங்க.

நான் என்ன நினைச்சேன், டெபாசிட் போயிரும், திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வந்துருவாப்லன்னு நினைச்சேன். எங்க! அந்தக் குரலை மைக்குல விட்டா என்ன ஆகும்? அவரு பேசக் கத்துக்கிட்டதே எனக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான். நான் தீட்டி விட்ட கத்தி தம்பி அது. ஊர் ஊரா அறுத்துத் தள்ளிட்டாப்ல.

ஓட்டா? அவருக்குத்தான் போட்டேன். வேற என்ன பண்றது? எதிர்த்து நின்னவன் மேடைக்கு மேடை அவரைக் கேவலமாப் பேசினான். சோணைமுத்துவைக் கேவலமாப் பேசுறதுக்கு நேத்து வந்த பயலுக்கு என்ன உரிமை இருக்கு?

ஜெயிச்சாப்ல. மாலை போட்டாங்க, வெடி போட்டாங்க. எதிர் ஆபீஸ்ல கரைவேட்டி கூட்டமா வந்துச்சு. ரெண்டாவது மாசம் அந்தக் கூட்டம் கொள்ளாம, ஆபீஸைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாத்திட்டாப்ல. கேசுகளையெல்லாம் சின்ன வக்கீல்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாப்ல. எம்.எல்.ஏ. ஆனா கோர்ட்டுக்கு வரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எங்கயும் இல்ல. நேர்லயே போய்க் கேட்டேன். "நாகு, நேரம் எங்கய்யா இருக்கு"ன்னு சொல்லிட்டு, ரேஷன் கார்டு கேட்டு வந்த கிழவிகிட்டத் திரும்பிட்டாப்ல.

ஊருக்கு ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன், பொய் சொல்றது என் தொழில்தான், ஆனா பஸ்ல சொல்றதில்ல. பொம்பளைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் கொண்டாந்தாப்ல. ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மிஷின் கொண்டாந்தாப்ல, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளையும் கொண்டாந்தாப்ல, அதுதான் பெரிய விஷயம். எல்லாம் சரி. கோர்ட்டுக்கு வரலயே?

அவரு போனதும் எனக்கு எதிர்ல நின்னதெல்லாம் யாருங்கிறீங்க? எல்லாம் நண்டும் சிண்டும். "அண்ணே, பாத்துச் செய்யுங்கண்ணே"ன்னு என்கிட்டயே வந்து நிக்கிறானுங்க. எதிர்த்தரப்பு வக்கீல் வந்து எதிர்த்தரப்பு வக்கீல்கிட்டப் பாத்துச் செய்யச் சொன்னா அது கோர்ட்டா, கல்யாண வீடா? எல்லாக் கேசும் ஜெயிச்சேன். நிலத் தகராறு ஜெயிச்சேன், பாதைத் தகராறு ஜெயிச்சேன், ஜெயிக்கவே கூடாத கேசெல்லாம் ஜெயிச்சேன். உப்பில்லாத கஞ்சி குடிக்கிற மாதிரி இருந்துச்சு. "இப்ப நல்லாத்தான போகுது, ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"ன்னு எங்க வீட்டம்மா கேக்குறா. அவளுக்கு என்ன தெரியும்?

அடுத்த வருஷம் சென்னையில இருந்து எனக்கு ஒரு பாஸ் அனுப்பினாப்ல. சட்டசபை பார்வையாளர் மாடத்துல உக்காந்து பாக்குறதுக்கு. பெருமை காட்டத்தான, வேற எதுக்கு? நான் போயிருக்கவே மாட்டேன். சும்மா வேட்டி சட்டையைத் தேச்சு வச்சேன், சும்மா ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன், போயிட்டேன்.

மாடத்துல உக்காந்தா கீழ எல்லாத் தலையும் தெரியுது. அவரு கடைசி வரிசைக்கு முன் வரிசை. அவரு முறை வந்துச்சு. எந்திரிச்சாப்ல. இடது கையால இழுத்துவிடக் கவுனு இல்ல, சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டாப்ல. எனக்கு நெஞ்சு அடைச்ச மாதிரி ஆயிருச்சு. காலையில சரியாச் சாப்பிடல, அதனால இருக்கும்.

எங்க ஊர்க் கண்மாய்க் கரையை உசத்த நிதி கேட்டுப் பேசினாப்ல. அருமையான பேச்சு. திடீர்னு சொன்னாப்ல பாருங்க, "எங்கள் மருதங்குறிச்சிக் கண்மாய் இருபது ஆண்டுகளாக ஒரு முறைகூட நிரம்பியதே இல்லை."

தம்பி, அந்தக் கண்மாய் மேல பத்து வருஷம் முன்னாடி எங்களுக்குள்ள ஒரு கேசு நடந்திருக்கு. மீன்பாசி ஏலத் தகராறு, அதான் கண்மாய்ல மீன் பிடிக்கிற உரிமைக்கு விடுற ஏலம். அதுல இதே ஆளு, கண்மாய் நிரம்பி மறுகால் பாஞ்சு, மீனெல்லாம் வெளிய போயிருச்சுன்னு நாலு சாட்சி வச்சு நிரூபிச்சு, என்னை மண்ணைக் கவ்வ வச்சாப்ல. இப்ப நிரம்பவே இல்லையாம்! நான் எங்க இருக்கேங்கிறது மறந்துபோச்சு. முப்பது வருஷப் பழக்கம், காலு தானா எந்திரிக்குது, வாய் தானாத் திறக்குது.

"ஆட்சேபணை! கனம் கோர்ட்டாரவர்களே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முன்னுக்குப் பின் முரணாப் பேசுறாரு!"

சபையே நிமிந்து பாத்துச்சு. சபாநாயகர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு. அவரைத்தான் கோர்ட்டாரேன்னு கூப்பிட்டிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அத்தனை பேருக்கு நடுவுல சோணைமுத்து நிமிந்துகூடப் பாக்கல. அனிச்சையா, "குறுக்கிடாதீங்க, உங்க முறை வரும்"னு சொல்லிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போயிட்டாப்ல. அப்புறம்தான் அவருக்கே உறைச்சு, மேல பாத்து, தலையில கைய வச்சாப்ல.

ரெண்டு அவைக்காவலருங்க வந்து அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. சபையை அவமதிச்சா ஜெயிலுக்கே அனுப்பலாமாம். அங்க சபையில என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. சோணைமுத்து எந்திரிச்சு எனக்காக வாதாடியிருக்காப்ல. எனக்காக! என்ன சொன்னாப்லங்கிறீங்க? "அவர் எங்கள் ஊர்க்காரர். கொஞ்ச காலமாக மனநிலை சரியில்லாதவர். பேரவை பெருந்தன்மையோடு மன்னிக்க வேண்டும்." கண்ணுல தண்ணி வராத குறையாப் பேசினாப்லயாம். சபாநாயகர் மனசு இளகி விட்டுட்டாரு.

முப்பது வருஷத்துல எனக்காக அந்த ஆளு ஆஜரான ஒரே கேசு தம்பி. அதுலயும் என்னைப் பைத்தியம்னு நிரூபிச்சுத்தான் ஜெயிச்சாப்ல. மறுத்து ஒரு வார்த்தை சொல்ல நான் அங்க இல்ல. எதிர்த்தரப்பை ரூம்ல பூட்டி வச்சுட்டு வாதாடி ஜெயிக்கிறதுக்குப் பேரு வாதமா?

மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் வந்துருச்சு. எந்தக் கண்மாய்யா அதுன்னு அமைச்சர் கூப்பிட்டுக் கேட்டாராம். அந்த மாசமே நிதி ஒதுக்கிட்டாங்க. கரையை உசத்தியாச்சு. அதுலயும் பேரு அவருக்குத்தான்.

அன்னைக்கு சட்டசபை வாசல்ல என்னைக் கூட்டிப்போக வந்தப்ப, "ஏன் நாகு இப்படிப் பண்ற?"ன்னு கேட்டாப்ல. ரயில் ஏத்தி விட்டாப்ல, இட்லி வாங்கிக் குடுத்தாப்ல. கெட்டிச் சட்னியா வாங்கிக் குடுத்தாப்ல, தண்ணிச் சட்னி எனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ரயில்ல அழுதுக்கிட்டே சாப்பிட்டேன், கோபத்துல. அன்னைக்கு முடிவு பண்ணினேன். அடுத்த தேர்தல்ல இந்த ஆளைத் தோக்கடிச்சே தீரணும். தோத்தாத்தான கோர்ட்டுக்கு வருவாப்ல? வந்தாத்தான நான் பதில் சொல்ல முடியும்?

அதுக்காகவே சாயங்காலம் சாயங்காலம் ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு நானே கிளம்பினேன். எந்தக் கட்சிக்காகவும் இல்ல, சொந்தச் செலவு. "பெரியோர்களே, இந்த சோணைமுத்து யாரு? கோர்ட்டுல வாயைத் திறந்தாலே பொய்! ஏழைக் கிழவி ஒருத்தி வீட்டை எழுதி வாங்கின வட்டிக்காரனுக்கு நான் வக்கீல். எவ்வளவு உறுதியான பத்திரம் தெரியுமா? அதையே பொய்ப் பத்திரம்னு சொல்லி, அந்த வீட்டைக் கிழவிக்கே திருப்பி வாங்கிக் குடுத்தவன் இவன்! இவனுக்கா உங்க ஓட்டு?"ன்னு கேட்டேன். கூட்டம் கை தட்டுச்சு பாருங்க, அப்படி ஒரு கைதட்டு. என் பேச்சு எடுபட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த முறை மாநிலம் பூரா அவங்க கட்சிக்கு எதிர்க்காத்து. சோணைமுத்தும் தோத்தாப்ல. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்ல. நான் போய்ப் பேசின ஊர்லயெல்லாம் அவருக்குத்தான் கூடுதல் ஓட்டு. நான் போகாத ஊர்ல விழுந்துட்டாப்ல. எப்படியோ, தோக்கடிச்சது நான்தான்.

மறு மாசம் கோர்ட்டுக்கு வந்தாப்ல. பழைய ஆபீஸையே திறந்தாப்ல, எனக்கு எதிர்ல. எங்க வீட்டம்மா சொல்றா, அன்னைக்கு நான் காலையிலயே ரெண்டு தடவை குளிச்சேனாம். வெயில் காலம், குளிக்கக் கூடாதா?

முதல் கேசு, ஓட்டுத்தண்ணித் தகராறு. அச்சாபீஸ் தங்கையா புதுசா வீடு கட்டினாரு. மழை பெஞ்சா அவரு வீட்டு ஓட்டுத்தண்ணி பூரா பக்கத்து வீட்டு பரமேசுவரி டீச்சர் முத்தத்துல கொட்டுது. டீச்சர் என் படி ஏறினாங்க. தங்கையா ஓடிப்போய் எதிர்ப்படி ஏறினாரு. எனக்குச் சந்தோஷத்துல டீச்சரைக் கும்பிடணும்போல இருந்துச்சு.

புதுசா வந்திருக்கிற முன்சீப் ஒரு சின்ன வயசு அம்மா. நான் எந்திரிச்சு என் தரப்பைச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையையும் தீட்டித் தீட்டிக் கொண்டு போயிருந்தேன். நடுவுல ரெண்டு ஓட்டையும் விட்டு வச்சிருந்தேன், அவரு பிடிக்கட்டும்னு. சொல்லி முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன்.

டொக், டொக், டொக்.

மேஜையைத் தட்டுறாப்ல தம்பி! என் வாதத்துக்கு! சட்டசபையில அமைச்சர் என்ன சொன்னாலும் ஆளுங்கட்சிக்காரங்க மேஜையைத் தட்டணும்ல, அஞ்சு வருஷம் தட்டித் தட்டி அது கையிலயே ஊறிப்போச்சு. யாராவது சத்தமாப் பேசி முடிச்சா கை தானா எந்திரிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? நல்ல கத்தியை வாங்கிட்டுப் போயி தேங்கா உடைச்சுத் திருப்பிக் குடுத்த மாதிரி, என் சோணைமுத்துவைக் கெடுத்து அனுப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் எல்லா வாய்தாவுலயும் இதே கதிதான். நான் என்ன சொன்னாலும் "எங்களுக்கு மறுப்பில்லை". பல்லைக் காட்டிச் சிரிக்கிறாப்ல, போறவன் வர்றவனையெல்லாம் கும்பிடுறாப்ல. டவாலியைக்கூடக் கும்பிடுறாப்ல. கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் கும்பிடலாமா?

தங்கையா வீட்டைக் கட்டின கொத்தனார் சன்னாசியை நான் சாட்சிக் கூண்டுல ஏத்தின அன்னைக்குத்தான் அது நடந்துச்சு. நாம கொண்டு வந்த சாட்சிகிட்ட, பதிலையும் சேத்து வாயில ஊட்டி விடுற மாதிரிக் கேள்வி கேக்கக் கூடாது. அது சட்டம். கேட்டா எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு ஆட்சேபிக்கணும். கோர்ட்டு வாசல்ல டீ ஆத்துறவனுக்குக்கூட இது தெரியும். நான் வேணும்னேதான் கேட்டேன்.

"சன்னாசி, ஓட்டுத்தண்ணி டீச்சர் முத்தத்துல விழுற மாதிரியே கட்டுன்னு தங்கையாதான் உங்ககிட்ட சொன்னாரு, அப்படித்தான?"

கேட்டுட்டு நின்னேன். எதிர்ல சத்தமே இல்ல. ஜன்னல் வழியா வெளிய யாருக்கோ கை ஆட்டிக்கிட்டு இருக்காப்ல. நான் கனைச்சுப் பாத்தேன். "அப்படித்தான?"ன்னு இன்னும் அழுத்திக் கேட்டேன். திரும்பினாப்ல. சிரிச்சாப்ல. கை மேஜையைத் தேடிப் போச்சு.

டொக், டொக்.

"ஆட்சேபணை!"ன்னு ஒரு சத்தம். யாருன்னு பாத்தா, நான்தான்.

முன்சீப் அம்மா எழுதுறதை நிறுத்திட்டு நிமிந்தாங்க. "யாரு ஆட்சேபிக்கிறது?"

"நான்தாம்மா."

"கேள்வி கேட்டது?"

"அதுவும் நான்தாம்மா."

"அப்ப கேள்வியை வாபஸ் வாங்கிக்கங்க."

"வாங்க மாட்டேம்மா. வாங்கினா என் கட்சிக்காரருக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆயிரும். ஆனா ஆட்சேபிக்கிறேன். இந்தக் கேள்வி சட்டப்படி செல்லாது. இதைக் கேட்டவருக்கு சட்டமே தெரியல."

டீச்சர் பின்னாடி இருந்து என் கவுனைப் பிடிச்சு இழுக்கிறாங்க. "சார், என்ன சார் பண்றீங்க?"ன்னு. எனக்கு எதுவும் காதுல விழல. எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே ஒரு சத்தம். நாற்காலி தரையில உரசுற சத்தம்.

எந்திரிச்சாப்ல. சிரிப்பு இல்ல. இடது கையால கவுனை ஒரு இழு இழுத்துவிட்டாப்ல.

"கனம் கோர்ட்டாரவர்களே! இதை நான் வன்மையா மறுக்கிறேன்!"

வெளிய வேப்ப மரத்தடியில படுத்திருந்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டான்.

"எதை மறுக்கிறீங்க சார்?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

"அவரோட ஆட்சேபணையை! எதிர்த்தரப்பு வக்கீலோட கேள்வியை ஆட்சேபிக்கிறது என்னோட உரிமை. என் உரிமையை எடுத்து இவர் பயன்படுத்த இவருக்கு யாரு அதிகாரம் குடுத்தது? தன் கேள்வியைத் தானே ஆட்சேபிக்க எந்தச் சட்டத்துல இடம் இருக்கு? கேள்வி நிக்கணும்! அவரு கேட்ட கேள்வி நூத்துக்கு நூறு நியாயமான கேள்வி!"

"அயோக்கியத்தனமான கேள்வி!"ன்னு நான் கத்தினேன்.

"அற்புதமான கேள்வி!"ன்னு அவரு கத்தினாப்ல.

சாப்பாட்டு நேரம் வரைக்கும் போச்சு தம்பி. என்னென்ன தீர்ப்பெல்லாம் எடுத்து வீசினாப்ல! பாதி அவரா உண்டாக்கின தீர்ப்பு, அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். தங்கையா பாவம், "சார், அந்தக் கேள்வி நமக்கு ஆகாது சார், விட்டுருங்க சார்"னு அவரு காலைச் சுரண்டுறாரு. "சும்மா இருய்யா, இது சட்டப் பிரச்சினை"ன்னு ஒரு அதட்டு. பக்கத்து கோர்ட்டுல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து ஜன்னல்ல தொங்குறாங்க.

கடைசியில முன்சீப் அம்மா தலையைப் பிடிச்சுக்கிட்டு உத்தரவு சொன்னாங்க. நாகசுந்தரத்தின் ஆட்சேபணை தள்ளுபடி. நாகசுந்தரம் கேட்ட கேள்விக்குச் சாட்சி பதில் சொல்லணும். சன்னாசி பதில் சொன்னான். "ஆமாங்கம்மா, தங்கையாதான் அப்படிக் கட்டச் சொன்னாரு."

அன்னைக்கு நான் தோத்துட்டேன். என் சொந்தக் கேள்விகிட்டயே என்னைத் தோக்கடிச்சுட்டாப்ல, படுபாவி. அஞ்சு வருஷமா ஜெயிச்ச ஒரு கேசும் இவ்வளவு இனிப்பா இருந்ததில்ல. வீட்டுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன். "கேசு ஜெயிச்சிட்டீங்களா?"ன்னு எங்க வீட்டம்மா கேட்டா. "தோத்துட்டேன், சாப்பிடு"ன்னு சொன்னேன்.

ஆனா அதோட விட்டுச்சா? தங்கையாவும் டீச்சரும் கோர்ட்டு வாசல்லயே பேசிக்கிட்டாங்க. என் வக்கீல் உங்களுக்கு வாதாடுறாரு, உங்க வக்கீல் எனக்கு வாதாடுறாரு, இவங்களை நம்பினா ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்னு. அந்த வாரமே தங்கையா ஒரு தகரக் குழாயைப் போட்டுத் தண்ணியைத் திருப்பி விட்டுட்டாரு. கேசு சமாதானத்துல முடிஞ்சுபோச்சு.

ஊர் பூரா இது பரவி, எங்க ரெண்டு படியிலயும் ஏற ஆளே இல்ல. வரப்புத் தகராறுக்கு ஓடி வர்ற அண்ணன், தெருமுனையில நின்னு எங்களைப் பாத்துட்டு, திரும்பிப் போயி தம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிறான். அநியாயமா ஊரே ஒத்துமையாப் போச்சு. அவரு ஆபீஸ்ல அவரு, என் ஆபீஸ்ல நான். நடுவுல தெரு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காத மாதிரி நாள் பூரா பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.

அப்பதான் ஒரு சேதி வந்துச்சு. அவரு கட்சியில வக்கீல் அணிக்கு மாநிலப் பொறுப்பு குடுக்கிறாங்களாம். சென்னையிலயே தங்கணுமாம். அவங்க வீட்டம்மா வந்து எங்க வீட்டுல சொல்லிட்டுப் போச்சு, "கேசு இல்லாத ஊர்ல இவருக்கு என்னக்கா இருக்கு?"ன்னு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. எதிர் ஆபீஸ் கதவு சாத்தியிருந்தாலே ஒரு மாதிரியா இருக்கும். இனிமே சாத்தியேதான் இருக்கும்னு நினைச்சேன். எங்க வீட்டம்மா, "போயிப் போகாதய்யான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்"ன்னா. எதிர்த்தரப்புகிட்ட நான் போயிச் சொல்றதா? அதுக்கு வேற ஆளைப் பாருன்னுட்டேன்.

நாலாம் நாள் கோர்ட்டுல இருந்து எனக்கு சம்மன் வந்துச்சு. என் பேருக்கு! பிரிச்சுப் பாத்தா, வாதி சோணைமுத்து, பிரதிவாதி நாகசுந்தரம். மானநஷ்ட வழக்கு. தான் செய்ய வேண்டிய ஆட்சேபணையைத் தனக்குப் பதிலா நான் செஞ்சு, தனக்குச் சட்டம் தெரியாதுங்கிற மாதிரி பொதுமக்கள் முன்னால காட்டி, மானத்தை வாங்கிட்டேனாம். அவரே கைப்பட எழுதின பிராது. முதல் பக்கத்துலயே ரெண்டு பெரிய ஓட்டை. எனக்குன்னே விட்டு வச்ச மாதிரி!

சென்னைப் பதவியை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாப்லயாம். வாய்தாவுக்கு வாய்தா இங்க ஆஜராகணும்ல? எவ்வளவு வன்மம் இருந்தா ஒரு மனுசன் மாநிலப் பதவியையே விட்டுட்டு நம்ம மேல கேசு நடத்த உக்காருவான், நீங்களே சொல்லுங்க.

இத்தனை வருஷம் எங்களுக்கு நடுவுல எப்பவும் ஒரு கட்சிக்காரன் நின்னான். நம்மளைக் கேக்காமலே சமாதானம் ஆயிருவான், செத்துப்போவான், ஊரை விட்டுப் போவான். இதுல அந்தத் தொந்தரவே இல்ல. நான் வக்கீல் வைக்கல, நானே வாதாடுறேன். அவரும் வைக்கல.

போன வாரம்தான் முதல் வாய்தா. கோர்ட்டுக்குள்ள நுழைய இடம் இல்லாத கூட்டம். முன்சீப் அம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. "ரெண்டு பேருமே மூத்த வக்கீல்கள். ஒரே தெருவுல இருக்கீங்க. ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே பேசித் தீத்துக்கக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. பாவம், நல்ல மனசு.

நான் அவரைப் பாத்தேன். அவரு என்னைப் பாத்தாப்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எந்திரிச்சு, ஒரே குரல்ல சொன்னோம் தம்பி, "முடியவே முடியாதும்மா"ன்னு.